‘வே’ என்று தொடங்கும் இரண்டு சொற்கள்

தமிழில் ‘வே’ என்று தொடங்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. வேலை, வேட்டி, வேப்பெண்ணெய், வேதம் என்று எவ்வளவோ இருக்கின்றன. ஆனால் ஒருவன் வாயைத் திறந்து ‘வே…’ என்று அப்படியே நின்றுவிட்டால், எதிரே நிற்பவருக்கு அதில் ஒன்றே ஒன்றுதான் தோன்றும். அவருக்கு எது வசதியோ அது. சிஜினுக்கு இப்போது முப்பத்து நாலு வயது. இத்தனை வருஷத்தில் அவன் சொல்லி முடித்ததைவிட மற்றவர்கள் அவனுக்காகச் சொல்லி முடித்ததுதான் அதிகம்.

நவம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம் அது நடந்தது. ஆரல்வாய்மொழியில் காற்றாலைக்கு மேலே ஏறி இறங்கி, உடம்பெல்லாம் கிரீஸ் வாடையோடு பைக்கை வீட்டு முன்னால் நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே பக்கத்து வீட்டிலிருந்து அக்கா ஸ்மைலின் ஓடி வந்தாள். அவள் தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர், இவனைவிட ஐந்து வயது மூப்பு. காதில் போன், கையில் புத்தம் புதுசாக ஒரு பைபிள்.

“மக்கா, நல்ல நேரத்துல வந்த. கோவில்ல கமிட்டி நடந்திட்டிருக்கு, அத்தான் லைன்ல இருக்காவ. வாற வருஷம் சபை முழுக்கச் சேந்து ஒரு வருஷத்துல பைபிள முடிக்கப் போறோம்லா? அதுக்கு எந்த மொழிபெயர்ப்பு எடுக்கதுன்னு பேசிட்டிருக்காவ. பழையது பாதிப் பேருக்கு வாய்க்குள்ள நுழையல்ல. இது பாரு, எளிய தமிழு. சின்னச் சின்ன வாக்கியம். உனக்கும் சுகமா இருக்கும். வேணுமா?”

சிஜின் புத்தகத்தை வாங்கி ஒரு பக்கத்தைப் பார்த்தான். 

“வே… வே…”

“வேணுமாம்!” என்று அக்கா போனில் கத்தினாள். “கேட்டியளா, சிஜினே வேணும்ன்னு சொல்லுகான்!”

அவள் போய்விட்டாள். மீதி இருந்த ‘ண்டாம்’ அவன் வாய்க்குள்ளேயே கிடந்தது. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அதையும் சொல்லி முடித்தான். கேட்பதற்குத்தான் ஒருவரும் இல்லை.

இது அவனுக்குப் புதிதல்ல. சாயாக் கடையில் ‘க…’ என்றால் காப்பியை நீட்டுவார்கள். அவன் கேட்க வந்தது பால் இல்லாத கட்டஞ்சாயா. குடித்துவிட்டுப் போவான். வேலைக்கு இன்டர்வியூ என்று ஒருமுறை நாங்குநேரிக்குக் கிளம்பியவன் பஸ் நிறுத்தத்தில் ‘நா…’ என்று இழுத்தான். ஒரு புண்ணியவான் அவன் தோளைப் பிடித்து நாகர்கோவில் பஸ்சுக்குள் ஏற்றிவிட்டு, சில்லறையும் சரி பார்த்துக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த வேலையும் போயிற்று. இதற்கெல்லாம் கோபப்பட்டால் பொழுது விடிந்து பொழுது போகிறவரை கோபப்பட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும் என்று விட்டுவிட்டான். உதவி செய்கிறவர்களை எதிர்த்துச் சண்டை போடுவதுபோலக் கஷ்டமான காரியம் வேறில்லை. அவர்கள் முகத்தில் அவ்வளவு கருணை இருக்கும், பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் பைபிள் வேறு காரியம்.

அவன் நாக்கு தடுக்காமல் ஓடுகிற இடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது அந்தப் பழைய பைபிள். பதினொரு வயதில் ஓய்வுநாள் பள்ளியில் வசனப் போட்டிக்கு அவனையும் வரிசையில் நிறுத்தினார்கள். பாவம் என்று நிறுத்தினார்கள். அவன் ஒரு சங்கீதம் முழுவதையும் ஒரே மூச்சில், ஒரு சொல்லிலும் நிற்காமல் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினான். அம்மா தங்கபாய் அன்றைக்கு அழுத அழுகை ஊருக்கே தெரியும். அந்தப் பழைய தமிழில் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையைப் பிடித்திருக்கும். ‘அப்பொழுது’ என்று ஒன்றைப் பிடித்துவிட்டால் போதும், மீதியெல்லாம் தானாக இழுத்துக்கொண்டு போய்விடும். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அது அவனுக்குப் பாட்டுப்போல ஆகிவிட்டிருந்தது. பாடும்போது யாருக்காவது திக்குமா?

பத்தொன்பது வயதிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பைபிளிலிருந்து முதல் பாடம் வாசிப்பது அவன்தான். மாதம் முழுக்கக் ‘கொன்னவாயன்’ என்று முதுகுக்குப் பின்னால் சொல்லுகிறவன்கூட அந்தப் பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு கேட்பான். அந்தப் பத்து நிமிஷத்துக்காக சிஜின் மீதி மாதத்தைச் சகித்துக்கொண்டிருந்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் யாராவது முடித்துவைத்து விடுவார்களே.

டிசம்பர் நடுவில் அத்தான் தேவகுமார் ஆட்டோவில் இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். அவர் சபைக் கமிட்டிச் செயலாளர். ஒரு பெட்டியில் புது பைபிள்கள், இன்னொன்றில் தினத்தியானப் புத்தகங்கள். தேதிக்கு ஒரு பக்கம். மேலே அன்றைக்கு வாசிக்க வேண்டிய பகுதி, நடுவில் ஒரு கதை, கீழே ஒரு வரி ஜெபம். அட்டையில் சூரியன் உதிக்கிற படம். கமிட்டியில் இதற்கும் பெரிய விவாதம் நடந்ததாம். கடைசியில் எழுத்து பெரிதாக இருக்கிறது என்று இதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சிஜின் புரட்டிப் பார்த்தான். பனியில் தொலைந்துபோன நாய்க்குட்டி, ரயிலைப் பிடிக்க ஓடிய வெள்ளைக்காரச் சீமாட்டி. நம்ம ஊரில் பனியில் எந்த நாய் தொலைந்தது என்று கேட்க நினைத்தான். கேட்கவில்லை.

“மச்சான், எல்லாம் உன்ன நெனச்சுத்தான்” என்று அத்தான் அவன் முதுகில் தட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது அவனுக்குப் புரியவில்லை.

அன்றைக்கே மாதிரிக்கு ஒருமுறை வாசித்துப் பார்த்துவிடலாம் என்று அக்கா சொன்னாள். ஏழு மணிக்கு அம்மா வீட்டில் குடும்ப ஜெபம். பாய் விரித்து நாலு பேரும் வட்டமாக உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு வசனம், சுற்றிச் சுற்றி வரும். அந்த ஊரில் எந்த வீட்டிலும் அப்படித்தான். வட்டத்தில் உட்கார்ந்த எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. தன் முறை வரும் முன்பே எண்ணி, தனக்கு எந்த வசனம் விழும் என்று பார்த்து, அதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிக்கொள்வார்கள். அடுத்தவர் வாசிப்பதை ஒருவரும் கேட்பதில்லை. சிஜின் வழக்கமாகக் கடைசியில் உட்காருவான். அன்றைக்கு அக்கா அவன் கையைப் பிடித்து, “நீ இங்கன இரி மக்கா” என்று அம்மாவுக்கு அடுத்தபடியாக உட்காரவைத்தாள்.

பகுதி யாத்திராகமம் நாலாம் அதிகாரம். சிஜின் எண்ணினான். அம்மாவுக்கு ஒன்று, தனக்கு இரண்டு. அப்புறம் ஆறு. அப்புறம் பத்து. பத்தாம் வசனம் என்னவென்று அவனுக்குத் தெரியாதா? தனக்குப் பேச வராது என்று மோசே கடவுளிடம் முறையிடுகிற இடம் அது. அக்கா எண்ணிப் பார்த்துத்தான் அவனை அங்கே உட்காரவைத்திருக்கிறாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்போடு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், பாவி.

இரண்டாம் வசனத்தில் ஒருமுறை தடுக்கினான். ஆறில் இரண்டுமுறை. இந்த எளிய தமிழில் வாக்கியங்கள் குட்டை குட்டையாக வெட்டி வெட்டி நின்றன. ஒவ்வொரு வாக்கியமும் புதிதாகத் தொடங்கியது, ஒவ்வொரு தொடக்கத்திலும் அவன் நாக்கு முட்டிக்கொண்டது. பத்து வந்தது. பழையதில் அந்த வசனத்தில் ‘மந்தநாவு’ என்று ஒரு சொல் உண்டு. சிஜினுக்கு அந்தச் சொல்மேல் தனிப் பிரியம். மோசேயைப்போல ஒரு பெரிய மனுஷன் வைத்திருந்த பொருள் தன்னிடமும் இருக்கிறது என்று தோன்றும். அந்த வசனத்தை அவன் நூறு தடவையாவது ஒரு தடுக்கலும் இல்லாமல் வாசித்திருப்பான். புதியதில் தேடினான். ‘பேச்சுக் குறைபாடு உள்ளவன்’ என்று போட்டிருந்தது. சலுகை பஸ் பாஸ் எடுக்கிற விண்ணப்பத்தில் டிக் அடிக்கிற கட்டம் மாதிரி. ‘அப்பொழுது’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டிருந்தார்கள். வசனம் நேராக மோசேயின் பெயரில் தொடங்கியது.

“மோ… மோ…”

அம்மாவின் உதடு அசைந்தது. “மோசே” என்று அக்கா எடுத்துக்கொடுத்தாள். “மோசே ஆண்டவரிடம்” என்று அத்தான் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொடுத்தார். அவன் மூச்சை இழுத்து மறுபடி தொடங்குவதற்குள் மூன்று பேருமாகச் சேர்ந்து வசனத்தையே முடித்துவிட்டார்கள்.

“பாத்தியா மச்சான்,” என்றார் அத்தான், “மோசேக்கு அவரு அண்ணன் ஆரோன் பேசினாரு. உனக்கு நாங்க இருக்கோம்லா?”

“தியானத்த நானே படிக்கேன்,” என்றாள் அக்கா. “அது நீளம். அவன் ஆமென் மட்டும் சொன்னாப் போதும்.”

தியானம் முடிந்தது. மூன்று பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். சிஜின் ஆமென் சொல்லவில்லை. அது அவனுக்குத் தடுக்காமல் வருகிற சொல்தான், ஆனாலும் சொல்லவில்லை. புத்தகத்தைப் பாயில் போட்டுவிட்டு எழுந்து வெளியே போனான்.

“ஏல மக்கா, சோறு தின்னிட்டுப் போ” என்று அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“விடுங்கம்மா, அவனுக்கு வெப்ராளம், கோவம் ஆறினா வருவான்” என்று அக்கா சொன்னது தெரு வரை கேட்டது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு சிலுவைமுத்துப் பாட்டா அவனைக் கோவில் வாசலில் பிடித்து நிறுத்தினார். எண்பது தாண்டியவர், நாற்பது வருஷம் அந்தக் கோவில் மணியை அடித்தவர். கண்ணில் புரை. பழைய பைபிளில் பாதி அவருக்கு மனப்பாடம். கோவிலில் வாசிக்கும்போது கூடவே முணுமுணுப்பார்.

“போன ஞாயித்துக்கிழமை கோவில்ல புதுசுலதான வாசிச்சாவ, எனக்கு ஒண்ணும் பிடிபடல்ல மக்கா. கூடச் சொல்ல முடியல்ல. ஆனா சாரமில்ல, போட்டும். உனக்காவத்தான மாத்தினாவ. கமிட்டியில உங்க அத்தான் எந்திச்சுச் சொன்னாரு, பேச முடியாத நம்ம பிள்ளைகளுக்கு எளிசாட்டு இருக்கட்டும்ன்னு. சிஜினே வேணும்ன்னு கேட்டான்னு சொன்னாரு. அதுக்கப்புறம் யாரு எதிர்த்துப் பேசுவா? நாங்க வயசானவங்க எல்லாரும் விட்டுக் குடுத்திட்டோம்.”

சிஜினுக்குக் காது இரண்டும் சுட்டது. “நா… நா…” என்றான். நான் கேக்கல்ல என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

“நாங்க பாத்துக்கிடுவோம் மக்கா. நீ வெசனப்படாத” என்று பாட்டா அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தார்.

அப்போதுதான் விஷயம் முழுசாக விளங்கியது. அவன் வாயிலிருந்து பிடுங்கிய ஓர் எழுத்தைக் கொண்டுபோய்க் கமிட்டி மேசையில் வைத்து, அதைக் காட்டி ஊர் வாயை அடைத்திருக்கிறார்கள். கிழவர்களிடமிருந்து அவர்கள் பைபிளைப் பிடுங்கியாகிவிட்டது. யார் பேரில்? சிஜின் பேரில். யாருக்காக? சிஜினுக்காக. அந்த சிஜினிடமிருந்தும் பிடுங்கியாகிவிட்டது. போகிற வருகிற கிழவிகளெல்லாம் அவனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் தலையசைத்ததன் அர்த்தம் இப்போது புரிந்தது. அவனுக்காகத் தியாகம் செய்துகொண்டிருக்கிறார்களாம். சவத்துத் தியாகம்!

மறுநாள் காற்றாலைக் கோபுரத்தின் அடியில் நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போது மகேஷ்குமாரிடம் சொன்னான். இரண்டு பேரும் ஒன்பது வருஷமாக ஒரே குழுவில் வேலை. மகேஷ்குமார் அய்யா வழிக்காரன், அவர்கள் கோவிலான பதிக்குப் போகிறவன். பைபிளைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவனிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. சாப்பிடும்போது அவன் வாயில் எப்போதும் சோறு இருக்கும், ஆகவே யாருடைய பேச்சையும் முடித்துவைக்க மாட்டான். சிஜின் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. மகேஷ்குமார் கேட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்தான்.

“ஏலே, வேண்டாம்ன்னு சொன்னத வேணும்ன்னு ஆக்கிட்டாவளா? நல்ல கதையாட்டு இருக்கே. வாயால முடியல்லன்னா எழுதி அனுப்பு. எழுத்து திக்காதுல்லா?”

அது சரிதான் என்று பட்டது. அங்கேயே உட்கார்ந்து அக்காவுக்கு வாட்ஸப்பில் எழுதினான். ‘அக்கா, அன்னைக்கு நான் வேணும்னு சொல்லல்ல. வேண்டாம்னு சொல்ல வந்தேன். நீ நிக்கல்ல. எனக்குப் பழைய பைபிள்தான் தடுக்காம வரும். அது ஒண்ணுதான் வரும். என் பேரச் சொல்லி மாத்தினது தப்பு. அத்தானைக் கமிட்டியில திருத்திச் சொல்லச் சொல்லு.’ இரண்டுமுறை படித்துப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தை முழுசாகச் சொல்லியிருக்கிறோம் என்று தோன்றியது. அனுப்பினான்.

அக்காவிடமிருந்து கைகூப்பிய படம் ஒன்று வந்தது. வேறொன்றும் வரவில்லை. சாயங்காலம் சபையின் ஜெபக் குழுவில் அவள் எழுதியதைப் பார்த்தான்.

‘அன்பானவர்களே, என் தம்பி சிஜின் மிகுந்த மனச்சோர்வில் இருக்கிறான். வேதம் வாசிக்கவே வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டான். அவன் நாவின் கட்டு அவிழவும், சமாதானம் உண்டாகவும் பாரத்தோடு ஜெபியுங்கள்.’

கீழே வரிசையாக ஆமென் ஆமென் என்று விழுந்துகொண்டிருந்தது. அறுபத்து மூன்று பேர். அதில் மூன்று பேரை அவனுக்கு யாரென்றே தெரியாது, துபாயிலிருந்து ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

சிஜின் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனான். அக்கா அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். போனை அவள் மூக்குக்கு முன்னால் நீட்டினான். “இ… இ… இது…”

“இதுல என்னலே தப்பு? ஜெபிக்கத்தான சொன்னேன்?”

“நா… நான் எ… எழு…”

“எழுதினத வாசிச்சேன் மக்கா. நீ கோவத்துல எழுதியிருக்க. நான் உனக்கு நல்லதுதான செய்வேன்? சின்னதுல உன்ன ஸ்கூல்ல கேலி பண்ணினவனுவள யாரு அடிச்சா? நான்தான?”

அது உண்மை. அவள்தான் அடித்தாள். அதுதான் பெரிய கஷ்டம். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் இந்தச் சண்டை என்றைக்கோ முடிந்திருக்கும். அவளுக்கு அவன்மேல் உயிர். அவன் சொல்வதைக் கேட்க மட்டும் நேரம் கிடையாது. சிஜின் முறுக்குப் பாத்திரத்தை ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே வந்தான். முறுக்கு தரையெல்லாம் சிதறியது. அதற்கும் சேர்த்து அவள் ஜெபிக்கட்டும்.

புது வருஷம் பிறந்து முதல் ஞாயிறு ஜனவரி நாலாம் தேதி. மூன்றாம் தேதி அத்தான் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கை போட்டார். அவர் கை போட்டால் என்னவோ வரப்போகிறது என்று அர்த்தம்.

“மச்சான், நாளைக்கி உன் முறைல்லா? நீ வாசிக்கண்டாம். புது பைபிள் பழகுகதுவரைக்கும் ரெஸ்ட் எடு. சபை ஐயர்ட்டச் சொல்லியாச்சு. நான் வாசிக்கேன். உனக்குச் சபை முன்னால வெக்கக்கேடு வந்திரப்பிடாதுன்னுதான்.”

சிஜின் அவர் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தான். பதினைந்து வருஷம் அவன் வாசித்த பாடம். பழகட்டும் என்று சொல்லித் திருப்பித் தராமலே விட்டுவிடுவார்கள், அவனுக்குத் தெரியும். அவனுக்கென்று இருந்த பத்து நிமிஷமும் போயிற்று. இனி மாதம் முழுக்க, வருஷம் முழுக்க, அவன் கொன்னவாயன் மட்டும்தான்.

ஞாயிறு காலை ஆராதனையில் பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். “முதல் பாடம்” என்றார் ஐயர். அவர் போன வருஷம்தான் மாற்றலாகி வந்த போதகர், சின்ன வயதுக்காரர். முன்வரிசையில் அத்தான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுவதற்குள், நடுவரிசையிலிருந்து சிஜின் எழுந்து விறுவிறுவென்று நடந்து வாசிப்பு மேசைக்குப் பின்னால் போய் நின்றான். மேசையில் புது பைபிள் திறந்து கிடந்தது. அதை மூடினான். மைக்கில் அந்தச் சத்தம் டப்பென்று கேட்டது.

“எ… எ… என் பே… பேரச் சொ… சொல்லி…”

கோவிலில் இருநூறு பேர் இருந்தார்கள். அவன் குரல் அந்த மேசையிலிருந்து திக்கி அவர்கள் கேட்டதே இல்லை. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்வரிசையில் ஒரு பிள்ளை சிரித்தது, அதன் வாயை யாரோ பொத்தினார்கள். சிஜினுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள் இருக்கிற ஒரு சங்கீதத்தைப் பிடித்து அவிழ்த்துவிட்டால் அருவி மாதிரி கொட்டும் என்று அவனுக்குத் தெரியும். எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள். வேண்டாம் என்று வைத்துவிட்டான். அது கடன் வாங்கிய நாக்கு. இன்றைக்குத் தன்னுடைய நாக்கில்தான் பேச வேண்டும்.

“என் பே… பேரச் சொல்லி வே… வேதத்த மா… மாத்தினாவ. எ… எங்கிட்டக் கே… கேட்டாவ. நா… நான் சொ… சொன்னது…”

நின்றான். மூச்சு வாங்கினான்.

“வே… வே…”

பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையிலிருந்து அக்கா பாதி எழுந்துவிட்டாள். “வேணும்ன்னு” என்றாள், பழக்கதோஷத்தில்.

“எடுத்துக் குடுக்காத!”

அந்த ஒரு வாக்கியம் தடுக்காமல் வந்தது. எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது. அக்கா அப்படியே உட்கார்ந்தாள். சிஜின் கையை உயர்த்தி, கோவில் முழுவதையும் பார்த்தான். எத்தனையோ உதடுகள் அவனுக்கு முன்னால் குவிந்து நின்றன. இருநூறு பேருக்கும் அவன் சொல்லை முடித்துவைக்க வாய் துறுதுறுத்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

“வே… வே… வே…”

மேலே மின்விசிறிகள் சுற்றின. ஐயர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். ஒருவர் இருமினார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நெற்றியிலிருந்து வியர்வை மூடியிருந்த புத்தகத்தின்மேல் சொட்டியது. அவன் அவசரப்படவில்லை. முப்பத்து நாலு வருஷம் நான் காத்திருந்தேன், நீங்கள் ஒரு நிமிஷம் காத்திருங்கள் என்று அப்படியே நின்றான்.

“வேண்டாம்” என்றான்.

“வே… வேண்டாம்ன்னுதான் சொ… சொன்னேன். ஒ… ஒருத்தரும் நி… நிண்ணு கே… கேக்கல்ல.”

யாரோ கைதட்டினார்கள். பின்னாலேயே நிறையப் பேர் தட்டினார்கள். அதுவும் சிஜினுக்குப் பிடிக்கவில்லை. அவன் ஒன்றும் வித்தை காட்டவில்லை. வேண்டாம் என்ற ஒரு சொல்லைச் சொன்னதற்குக் கைதட்டு வாங்குகிற கேவலம் இந்த ஊரில் அவனுக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது.

ஐயர் பக்கத்தில் வந்தார். “தம்பி, எதுல வாசிக்கணுமோ அதுல வாசிங்க” என்றார் மெதுவாக. சாமான் அறை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்த பழைய பைபிளை எடுக்கச் சாவியைத் தேடினார்கள். சாவி அத்தான் பையில் இருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார். சிஜின் பாடத்தை வாசித்தான். ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. சிலுவைமுத்துப் பாட்டா கண்ணை மூடிக்கொண்டு கூடவே முணுமுணுத்தார், இந்தமுறை கொஞ்சம் சத்தமாகவே.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி அங்கேயே நின்றபடி கூடியது. வருஷ வாசிப்புக்கும் தினத்தியானத்துக்கும் புத்தகம் வாங்கியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது, வீட்டில் அவரவர் புதியதையே வாசிக்கட்டும்; கோவிலில் பாடம் வாசிக்கிறவர் தமக்கு எது வருமோ அதை வாசிக்கலாம் என்று முடிவாயிற்று. கமிட்டியில் தான் சொன்னது தவறான தகவல் என்று அத்தான் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதும்போது ‘கேட்பதில் ஏற்பட்ட சிறு பிழை’ என்று எழுதினார். சிஜின் விரலை வைத்துச் ‘சிறு’ என்பதைக் காட்டினான். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அதை அடித்தார்.

சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு அவன் போகவில்லை. வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அக்கா வந்தாள். கையில் ஒரு டப்பா நிறைய முறுக்கு. அதைப் பைக் சீட்டின்மேல் வைத்துவிட்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

“மக்கா, எம்மேல இன்னும் கோவமா இருக்கியா?”

“இ…” என்றான் சிஜின். “இ… இ…”

அக்காவின் வாய் தன்னால் திறந்தது. ‘இல்ல’ என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டதை அவன் பார்த்தான். அவளுக்கு எது வசதியோ அது. அவள் வாயை மூடிக்கொண்டாள். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். சிஜின் கையிலிருந்த துணியைப் பிழிந்தான். தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்து முடிகிறவரை அவள் நின்றாள். அதற்குப் பிறகும் நின்றாள்.

“இருக்கேன்” என்றான்.